பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளை எளிதாக்கி, செய்முறைக்கு அதிக மதிப்பெண் கொடுத்தால் என்ன?

கேட்டவர் வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு புக் பேக் ஒன் வேர்டு ஒப்பித்துக்கொண்டே தூங்கி விழுகிற பிள்ளையாக இருக்கும். இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வி வராது. உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். "செய்முறைக்கு மார்க்கைக் கூட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் மட்டும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வாத்தியார் இல்லை. ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். 2015ல் பரீட்சை எழுதி, ரிசல்ட் வருமா வராதா என்று காத்துக் கிடந்து, 2017ல் ஆர்டர் வாங்கிய கூட்டத்தில் ஒருவன். பத்தாவது பாஸ் போதும் என்ற வேலைக்கு பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தேன். அது போகட்டும்.

2006 பிப்ரவரி, எனக்கு பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல். அப்போது மொத்தம் 1200 மார்க். கெமிஸ்ட்ரி 200ல் எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. பாஸாக 70 வேண்டும். அதில் செய்முறையில் 40, எழுத்தில் 30 இருந்தால் போதும். 150க்கு 30! செய்முறையில் 40க்குக் கீழே வாங்கியவனை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆக, பலருக்கு பாதிப் பாஸ் பிப்ரவரியிலேயே முடிந்துவிடும்.

எனக்கு வந்தது ரெண்டாவது பேட்ச். என்ன உப்பு என்று நாம் கண்டுபிடிக்க வேண்டிய சால்ட்டை நம்பர் போட்ட டெஸ்ட் டியூபில் கொடுத்தார்கள். என் நம்பர் 14. வெள்ளையாக, சர்க்கரை மாதிரி இருந்தது. அதில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடு காட்டினேன். மூக்கைப் பிய்த்துக்கொண்டு ஒரு நெடி வந்தது. கண்ணாடிக் குச்சியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து டியூபின் வாயருகே பிடித்ததும் குபுகுபுவென்று வெள்ளைப் புகை.

அந்தப் புகை எனக்குப் புதிதில்லை. என் தாத்தா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். தெருத் தெருவாகப் போய், குழி தோண்டி, துருத்தி வைத்து, கரி மூட்டி, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு சிட்டிகை நவச்சாரம் தூவுவார். வெள்ளைப் புகை கிளம்பும். அந்தக் கணத்தில் ஈயத்தைத் தொட்டு, துணியால் ஒரே இழுப்பு. உள்பக்கம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். லீவு நாளில் துருத்தி மிதித்தது நான்தான். நவச்சாரம்தான் அமோனியம் குளோரைடு. கண்ணாடிக் குச்சியில் வருகிற வெள்ளைப் புகையும் சாட்சாத் அதே சரக்குதான். புத்தகத்தில் படிப்பதற்கு ஏழெட்டு வருஷம் முன்பே அதை என் மூக்கு படித்திருந்தது.

உட்கார்ந்து எழுதப் போனேன். அப்போது எங்கள் லேப் அண்ணன் தண்ணீர் பாட்டிலை வைக்கிற சாக்கில் வந்து, "பதினாலு, ஜிங்க் சல்பேட்டு" என்று காதோரம் முணுமுணுத்துவிட்டுப் போனார். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு போனார். அவர் சட்டைப் பையில் இருந்த லிஸ்ட் முதல் பேட்ச்சுடையது. சாப்பாட்டு இடைவேளையில் எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், நம்பர்களை மாற்றிவிட்டார் என்று பிற்பாடுதான் தெரியும். அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகள் நல்லா இருக்கட்டும் என்றுதான் செய்தார். அதுவும் அவராகச் செய்ததா, செய்யச் சொல்லிச் செய்ததா என்பது அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மூக்கை நம்பியிருக்க வேண்டும். நம்பவில்லை. பெரியவர் சொல்கிறார், லிஸ்ட் பார்த்துச் சொல்கிறார், நாம் என்ன கண்டோம் என்று பயந்துவிட்டேன். பேரியம் குளோரைடு சேர்த்தேன், வெள்ளை வீழ்படிவு தோன்றியது என்று எழுதினேன். அழுக்கு வெள்ளை வீழ்படிவு, துத்தநாகம் உறுதி என்று எழுதினேன். எதையும் சேர்க்கவில்லை, எதுவும் தோன்றவில்லை. மேஜை மேல் இன்னும் நவச்சார நெடி போகாமல் இருந்தது.

மார்க் ஷீட்டில் செய்முறை தனியாகப் போட்டிருக்கும். 50க்கு 50.

அன்று சாயங்காலம் தாத்தா கேட்டார், "என்ன உப்புடா குடுத்தாங்க?" "நவச்சாரம் தாத்தா" என்றேன். "அதக் கண்டுபுடிக்கவாடா மூணு மணி நேரம்?" என்று அப்படிச் சிரித்தார். சாகிற வரைக்கும் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார், என் பேரன் நவச்சாரம் எழுதித்தான் காலேஜ் போனான் என்று. நான் திருத்தவே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பத்தாவது அறிவியலில் எழுத்து 75, செய்முறை 25. பிளஸ் டூவில் எழுத்து 70, செய்முறை 20, இன்டர்னல் 10. செய்முறையே இல்லாத மாதிரி நீங்கள் கேட்கிறீர்கள். ஏற்கெனவே இருக்கிறது ஐயா. அதை இனாம் மார்க்காக மாற்றி வைத்திருக்கிறோம். இனாமைக் கூட்டினால் பிள்ளைக்குக் கைத்தொழில் வந்துவிடுமா? 25ஐ 50 ஆக்கினால் தண்ணீர் பாட்டில் வைக்கப் போகிறவனின் வேலைதான் இரட்டிப்பாகும்.

அந்த வேலை இப்போது என்னுடையது. அதையும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வருஷம் முன்பு பத்தாவது பிராக்டிகல். ஒரு பெண்ணுக்குக் குவிலென்ஸின் குவியத் தூரம் கண்டுபிடிப்பது வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருக்கிற புளியமரத்தை வெள்ளைத் தாளில் தலைகீழாகப் பிடித்து, ஸ்கேலை வைத்து அளந்தாள். 18.6 செ.மீ. என்று வந்தது. லென்ஸ் டப்பாவில் 20 என்று ஒட்டியிருக்கிறது. அந்த ஸ்டிக்கர் யார் ஒட்டியது, எந்த லென்ஸ் எந்த டப்பாவில் போனது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சார் ஒருவர் எட்டிப் பார்த்து, "ரெக்கார்டுல இருக்கற மாதிரி 20, 19.9, 20.1ன்னு போடும்மா" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அண்ணா, நான் அளந்தது தப்பா?" என்று கேட்டாள்.

தப்பில்லை. தாளில் மரத்தின் கிளைகூடத் தெளிவாகத் தெரிந்தது, நானே பார்த்தேன். "சார் சொன்னத எழுதும்மா" என்றேன்.

வாத்தியார்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். ஒரு பிள்ளைக்கு 18 போட்டால் மறுநாள் பெற்றோர் வாசலில் நிற்பார்கள். பக்கத்துப் பள்ளியில் எல்லாருக்கும் 25 போட்டிருக்க, நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும் என்று எச்.எம். கேட்பார். நேர்மையாக மார்க் போடுகிறவன்தான் இங்கே பிள்ளைகளின் விரோதி. என் வேலையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசுவதில்லை. "பிராக்டிகல் மார்க்ல கை வச்சிருவேன்" என்ற வார்த்தையைக் கேட்காமல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர் கையைத் தூக்குங்கள். முடி வெட்டாமல் வந்தாலும் அதே மிரட்டல், டியூஷனுக்கு வராவிட்டாலும் அதே மிரட்டல். எழுத்துத் தேர்வில் அந்த மிரட்டல் செல்லாது. விடைத்தாள் டம்மி நம்பரோடு எங்கேயோ ஒரு கேம்ப்புக்குப் போகிறது. திருத்துகிறவருக்கு நீங்கள் யார் பிள்ளை, என்ன ஊர், என்ன ஆள் என்று தெரியாது. எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பையன் நான். எனக்கு அந்த முகம் தெரியாத மனுஷன்தான் தெய்வம். மனப்பாடம் கொடுமைதான். இருந்தாலும் அந்தப் பொதுத்தேர்வுக்கு என் ஜாதகம் தெரியாது. அதனால் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வை எடுத்தெறியச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

எளிதாக்குவது பற்றிக் கேட்டீர்கள். என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார்கள். 2017ல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள், நல்ல காரியம். 1200ஐ 600 ஆக்கினார்கள். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2025ல் அதையும் எடுத்துவிட்டார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி வரும் என்று சொல்கிற ப்ளூ பிரிண்ட்டைத் தூக்கினார்கள். கேள்வி மாறுகிறது, மார்க் மாறுகிறது. லேப் கதவு மட்டும் ஜனவரி கடைசியில்தான் திறக்கிறது.

ஏன் தெரியுமா? வருஷத்தில் பாதி நாள் என் லேப்பில் விலையில்லாப் புத்தகக் கட்டு அடுக்கியிருக்கும். நான் பெல் அடிக்கிறேன், தபால் கொண்டு போகிறேன், ஆன்லைனில் பிள்ளைகளின் விவரம் ஏற்றுகிறேன், நெட் இல்லாவிட்டால் என் போன் டேட்டாவில் ஏற்றுகிறேன். காசு யாரும் கொடுப்பதில்லை. ஆய்வக உதவியாளர் என்று ஆர்டரில் இருக்கிறது. பியூரெட்டைக் கழுவி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்டால் நான் தலை குனிய வேண்டும். சில்வர் நைட்ரேட் கேட்டு எழுதிக் கொடுத்து ரெண்டு வருஷம். விலை அதிகம் என்று வாயிலேயே பதில் வந்தது. இதெல்லாம் உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான், யாரும் கேட்கப் போவதில்லை. செய்முறையை 25லிருந்து 10க்கு இறக்குங்கள். பாஸ் ஃபெயிலோடு அதைக் கோக்காதீர்கள். மார்க் அற்பமாக இருந்தால் பொய் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்காது. 18.6 என்று அளந்தவள் 18.6 என்று எழுதினால் முழு மார்க், 20 என்று எழுதினால் பாதி. வாரத்துக்கு ஒரு பீரியடாவது எட்டாவதிலிருந்தே லேப்பில் விடுங்கள். மயில்துத்தத்தைச் சூடாக்கி அது வெளுப்பதையும், ஒரு சொட்டுத் தண்ணீரில் திரும்ப நீலமாவதையும் பிள்ளைகள் பார்க்கிற முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எவனும் மார்க் கேட்பதில்லை. எழுத்துத் தேர்வில் பாடத்தைக் குறையுங்கள், தாராளமாக. கேள்வியை மட்டும் கைடிலிருந்து எடுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்டால், ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுங்கள். பெரிய விலையெல்லாம் இல்லை. சுவரில் ஜன்னலைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

"இவ்வளவு பேசுகிற நீ, அந்தப் பெண்ணிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை?" என்று கமெண்டில் ஒருவர் நிச்சயம் கேட்பார். பயம்தான், வேறென்ன. 2006ல் இருந்த அதே பயம், இப்போது சம்பளத்தோடு. அவள் இப்போது எங்கள் பள்ளியிலேயே பிளஸ் டூ. காமர்ஸ் எடுத்திருக்கிறாள். காலையில் பெல் அடிக்கப் போகும்போது எதிரே வந்தால் "குட் மார்னிங் அண்ணா" என்கிறாள். லென்ஸைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.