கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்குக் காப்பீடு: ஏஜென்டுக்குப் போன் போடுமுன்

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் வசிக்கிறோம். நான், மனைவி, இரண்டு குழந்தைகள். எங்கள் நால்வருக்கும் கம்பெனி காப்பீடு உண்டு. ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் கிரீன் கார்டில் வந்து சேர்ந்தார்கள். அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். அம்மாவுக்கு 63, தைராய்டு மட்டும். இப்போதைக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறோம். 65 தாண்டியவருக்கு அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர்தான், வேறு எதுவும் கிடையாது என்கிறார் ஓர் ஏஜென்ட். பிரீமியமே இல்லாமல் வாங்கித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். நவம்பரில் ஓபன் என்ரோல்மென்ட் (ஆண்டுதோறும் பாலிசியில் சேரத் திறந்துவிடும் காலம்) தொடங்குகிறதாம். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்பவேண்டாம். முதலாமவருக்கு விஷயம் தெரியவில்லை. இரண்டாமவருக்குத் தெரியும், அதனால்தான் அவர் அதிக ஆபத்தானவர்.

முதலில் அப்பாவின் வயது. 65 ஆனவுடன் மெடிகேர் என்பது இங்கேயே உழைத்து வரி கட்டியவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் உள்ள வழி. புதிதாகக் கிரீன் கார்டில் வந்தவர் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வசித்த பிறகுதான் மெடிகேரைப் பணம் கட்டியாவது வாங்க முடியும். ஏழைகளுக்கான மெடிகெய்டுக்கும் டெக்சஸில் அவரால் இப்போது போக முடியாது. உங்கள் சம்பளத்தில் ஒவ்வொரு மாதமும் 1.45 சதவீதம் மெடிகேர் வரியாகப் பிடிக்கிறார்கள். அதே அரசு உங்கள் தகப்பனாரை ஐந்து வருடம் வாசலில் நிற்கச் சொல்கிறது. சட்டப்படி வரவழைத்து, சட்டப்படி குடியமர்த்திய முதியவரை இப்படி நிறுத்துவது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2010-ல் வந்த சட்டத்தின்படி (ஒபாமாகேர்) அமைந்த அரசுக் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில், மெடிகேர் கிடைக்காத 68 வயதுக்காரரும் சாதாரண தனிநபர் பாலிசி வாங்கலாம். ஸ்டென்ட் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது என்று மறுக்கக் கூடாது. கூடுதல் விலை வைக்கக் கூடாது. காத்திருப்புக் காலமும் கிடையாது. விண்ணப்பம் நிரப்பும்போது அவருக்கு மெடிகேர் இல்லை என்று சரியாகக் குறிப்பிடுங்கள். சான்று கேட்டால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கடிதம் வாங்கி அனுப்பலாம்.

ஜூனில் வந்து இறங்கியதும் 60 நாட்கள் உங்களுக்குத் தனிச் சலுகைக் காலம் இருந்தது. அப்போதே இதே பாலிசியை வாங்கியிருக்கலாம். விசிட்டர் இன்சூரன்ஸ் விற்றவர் அதைச் சொல்லவில்லை. அவருக்குக் கமிஷன் அந்தப் பாலிசியில்தான். போனது போகட்டும். நவம்பர் 1 முதல் டிசம்பர் 15-க்குள் பதிவு செய்து முதல் மாதப் பிரீமியத்தையும் கட்டிவிட்டால், ஜனவரி 1 முதல் பாலிசி நடைமுறைக்கு வரும். முன்பெல்லாம் ஜனவரி 15 வரை அவகாசம் இருந்தது. 2027-ஆம் ஆண்டுப் பாலிசியிலிருந்து டெக்சஸ் போன்ற மாநிலங்களில் டிசம்பர் 15-உடன் முடித்துக்கொள்ளும்படி விதியை மாற்றிவிட்டார்கள். எப்படியானாலும் டிசம்பர் 15-ஐயே உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விலை. இந்த வயதில் முழு விலைக்கு வாங்கினால் தலைக்கு மாதம் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான் "பிரீமியமே இல்லை" என்கிற பேச்சு காதில் தேனாகப் பாய்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். 2025 வரை, வருமானம் எதுவுமே இல்லாத கிரீன் கார்டு பெற்றோருக்கும் அரசு மானியம் கிடைத்தது. நம்மவர்கள் பலர் அப்படித்தான் பெற்றோருக்குக் காப்பீடு எடுத்தார்கள், சட்டத்துக்கு உட்பட்டதுதான். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 2026 முதல் நீக்கிவிட்டது. இப்போது குடும்ப வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் புதுக் குடியேறிகளுக்கு மானியம் இல்லை. பணமே இல்லாதவனுக்கு உதவி இல்லை, கொஞ்சம் இருப்பவனுக்கு உண்டு என்கிற தலைகீழ் விதி!

இந்த இடத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். "அப்பா அம்மா பெயரில் 22,000 டாலர் வருமானம் என்று போட்டுவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்பார். இரண்டு பேர் குடும்பத்துக்கு 2026 பாலிசிக்கான வறுமைக்கோடு 21,150 டாலர். அதற்குச் சற்று மேலே இல்லாத வருமானத்தை எழுதி மானியம் வாங்குவதுதான் அவருடைய வித்தை. அந்த விண்ணப்பத்தில் உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்திடுபவர் உங்கள் தகப்பனார். ஏஜென்ட் அல்ல. கூடுதலாக வாங்கிய மானியத்தைத் திருப்பிக் கட்டுவதற்கு முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரியாண்டிலிருந்து அதுவும் போய்விட்டது. பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறவர் பெயரில் ஒரு பொய் ஆவணம் எதற்கு? ஊரில் உண்மையாகவே வாடகையும் ஓய்வூதியமும் வந்தால் அதை எழுதுங்கள். இல்லாததை எழுதாதீர்கள்.

உங்களைப் போன்ற குடும்பத்துக்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஏஜென்டுகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. விண்ணப்பம் நீளும், நேரம் பிடிக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெற்றோருக்குச் சொந்த வருமானம் சொற்பம், செலவில் பாதிக்கு மேல் நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்றால், வரிக் கணக்கில் அவர்களை உங்களைச் சார்ந்தவர்களாகக் காட்டலாம். காட்டினால் மானியக் கணக்கில் அவர்கள் தனிக் குடும்பம் அல்ல. நீங்கள் ஆறு பேர் கொண்ட ஒரே குடும்பம். வருமானமும் உங்களுடையதே. வறுமைக்கோட்டுக்குக் கீழே என்கிற சிக்கல் அப்போதே தீர்ந்தது. மேல்வரம்புதான் பாக்கி. 2026-க்கு ஆறு பேர் குடும்பத்தின் வறுமைக்கோடு 43,150 டாலர். அதன் நான்கு மடங்கு 1,72,600 டாலர். உங்கள் இருவர் வருமானமும் சேர்ந்து அதைத் தாண்டாவிட்டால் பெற்றோரின் பாலிசிக்கு மானியம் உண்டு. உங்களுக்குக் கம்பெனி காப்பீடு இருப்பது இதைத் தடுக்காது, கம்பெனி பெற்றோரையும் சேர்க்கிறது என்றால் ஒழிய. அப்படிச் சேர்க்கும் கம்பெனிகள் மிக அபூர்வம்.

உதாரணமாக உங்கள் வருமானம் 1,50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2026 கணக்குப்படி அதில் 9.96 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 14,940 டாலர், உங்கள் பங்கு. மானியத்தைக் கணக்கிட அளவுகோலாக வைக்கப்படும் சில்வர் பாலிசி பெற்றோர் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 28,000 டாலர் என்றால், மிச்சம் 13,060 டாலர் மானியமாக வரும். எண்கள் ஆண்டுதோறும் சற்று மாறும், கணக்கு இதுதான்.

இதில் ஓர் ஆபத்தான விளிம்பு உண்டு. மேல்வரம்பை ஒரு டாலர் தாண்டினாலும் வாங்கிய மானியம் முழுவதையும் அடுத்த ஏப்ரலில் திருப்பிக் கட்டவேண்டும். டிசம்பரில் வருகிற போனஸ், கம்பெனி கொடுக்கும் பங்குகள், பங்கு விற்ற லாபம் எல்லாமே கணக்கில் ஏறும். விளிம்புக்குப் பக்கத்தில் இருந்தால் 401-கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கில் வரிக்கு முன்பாகப் போடும் தொகையை உயர்த்துங்கள். வருமானம் அந்த அளவுக்குக் குறையும். நடுவில் சம்பளம் மாறினால் உடனே மார்க்கெட்பிளேஸ் தளத்தில் திருத்துங்கள். முன்கூட்டியே மானியம் வாங்கத் தயக்கமாக இருந்தால் முழுப் பிரீமியமும் கட்டிவிட்டு, வரி தாக்கல் செய்யும்போது 8962 படிவத்தில் மொத்தமாகக் கேட்டு வாங்கலாம்.

எனவே மார்க்கெட்பிளேஸின் ஹெல்த்கேர் டாட் கவ் (HealthCare.gov) தளத்தில் கணக்கைத் திறக்கவேண்டியவர் நீங்கள். ஆறு பேரையும் எழுதுங்கள். காப்பீடு கேட்பவர்கள் பெற்றோர் இருவர் மட்டும் என்று குறியுங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. கணக்கு திறப்பவர் யார் என்று உறுதிசெய்ய, பழைய கடன், பழைய முகவரி பற்றியெல்லாம் திரையில் கேள்விகள் வரும். ஜூனில் வந்திறங்கியவருக்கு இங்கே என்ன கடன் வரலாறு இருக்கும்? அப்பா பெயரில் திறக்கப் பார்த்தால் அந்தத் திரையிலேயே மாட்டிக்கொண்டு ஆவணம் அனுப்பிக் காத்திருக்க நேரும். உங்கள் பெயரில் சுலபமாக முடியும்.

பெயரில் கவனம். நம் பெரியவர்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். கிரீன் கார்டில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் அழகாக இருக்கட்டும் என்று மூன்றாவது மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்யாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடி எழுதி, கிரீன் கார்டில் பெயர் வேறு என்று கேட்கும் இடத்தில் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். அப்படியும் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தால் கெடுவுக்குள் கார்டின் இரு பக்கங்களையும் அனுப்புங்கள். அலட்சியமாக விட்டால் பாலிசியே ரத்தாகும்.

தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்களில் போன் நம்பர் கொடுக்காதீர்கள். அவை அரசுத் தளம் போலவே நீலமும் வெள்ளையுமாக இருக்கும். நம்பரைப் பலருக்கும் விற்கும். அனுமதியில்லாமல் பாலிசியில் சேர்த்துவிட்டார்கள், மாற்றிவிட்டார்கள் என்று 2024-ன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. இப்படிப் புகார்கள் குவிந்ததால்தான், புதிய ஏஜென்ட் பாலிசியில் கைவைக்கவேண்டுமானால் வாடிக்கையாளரும் போனில் இருக்கவேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இலவசமாக உதவுகிற நேவிகேட்டர்களுக்கான நிதியையோ 2025-ல் பத்தில் ஒரு பங்காக வெட்டிவிட்டார்கள். உதவுகிற கையை வெட்டிவிட்டுத் தரகரைக் குறைசொல்லி என்ன பயன்? 1-800-318-2596 என்ற அரசு எண்ணில் கூப்பிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் கிடையாது. நல்ல ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனமே கமிஷன் கொடுக்கிறது. உங்களிடம் தனியாகக் கட்டணம் கேட்பவர் வேண்டவே வேண்டாம்.

எந்தப் பாலிசி? மேலே உதாரணமாக எடுத்த வருமானத்தில் சில்வருக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் சலுகை வராது. ஆகவே பெயரைப் பார்க்காமல் ஆண்டு முழுவதற்குமான செலவைக் கூட்டிப் பாருங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே பாலிசி எடுக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அம்மாவுக்குச் சிகிச்சையில் நம் கைச்செலவு அதிகமான ப்ரான்ஸ் (Bronze), அப்பாவுக்குக் கைச்செலவு குறைந்த கோல்டு (Gold) என்று தனித்தனியாகவும் எடுக்கலாம். டெக்சஸ் தனிநபர் பாலிசிகள் பெரும்பாலும் எச்.எம்.ஓ. அல்லது ஈ.பி.ஓ. வகை, பாலிசியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்களின் வலைப்பின்னலுக்கு வெளியே உள்ள டாக்டரிடம் போனால் அவசரச் சிகிச்சை தவிர வேறெதற்கும் பணம் வராது. பக்கத்திலுள்ள இதய நிபுணர்கள் இருவருக்காவது போன் செய்து, பாலிசியின் முழுப் பெயரைச் சொல்லி ஏற்பார்களா என்று கேளுங்கள். கம்பெனிப் பெயரை மட்டும் சொன்னால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

இப்போதுள்ள விசிட்டர் பாலிசியை உடனே ரத்து செய்யாதீர்கள். ஆனால் அதில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் படியுங்கள். அக்யூட் ஆன்செட் என்று இருந்தால், முன்னறிகுறி எதுவுமின்றித் திடீரென்று வந்து, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால்தான் பணம். இரண்டு நாளாக நெஞ்சு கரிக்கிறது என்று அவசரப் பிரிவில் அப்பா சொல்லிவிட்டால் அது திடீர் அல்ல என்று கைவிரிப்பார்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அதை நம்பி இருக்க முடியாது. பதிவு செய்த அன்றே காப்பீட்டு நிறுவனத்தின் தளத்துக்குப் போய் முதல் மாதப் பிரீமியத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தளத்தில் பதிவு முடிந்தது என்று பச்சை எழுத்தில் வந்தாலும், அந்தப் பணம் போய்ச் சேராதவரை பாலிசி இல்லை. ஜனவரியில் உறுப்பினர் எண் வந்து, அதை டாக்டர் அலுவலகம் சரிபார்த்துச் சொன்ன பிறகு விசிட்டர் பாலிசியை நிறுத்துங்கள்.