காதுக்கருவி அணிந்த மகளும் வாக்கியக் கணக்கும்

வணக்கம். காதுக்கருவி அணிந்த உங்கள் மகள் கூட்டல், கழித்தலைச் சரியாகப் போட்டுவிட்டு வாக்கியக் கணக்கில் மட்டும் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்குக் கணக்கு வராது என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். காது கேளாமை எண்ணும் திறனைப் பறிப்பதில்லை. மற்றப் பிள்ளைகள் பெரியவர்களின் பேச்சிலிருந்து போகிறபோக்கில் பிடித்துக்கொள்ளும் 'அதைவிடக் குறைவு', 'மீதி', 'ஆளுக்கு எத்தனை' போன்றவை இவள் காதில் முழுதாக விழுந்திருக்காது. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். 'ரவியிடம் 5 பென்சில், மாலாவிடம் அதைவிட 2 குறைவு' என்றால், முதலில் இருவரின் பென்சில்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிசையில் வரையட்டும். விடை பிறகு வரட்டும். அப்புறம், ஆசிரியர் பலகையைப் பார்த்தபடி விளக்கினால் உதட்டசைவும் தெரியாது. எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசும்படி அவரிடம் அவசியம் கேளுங்கள்.