பதினோரு கோடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறேன். ஊர் நடுவில் 'சிங்கம்' என்று ஒரு பழைய காஸ்ட்ஹவுஸ், சாப்பாடும் பீரும் கிடைக்கும் விடுதி. நடத்தியவருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு விருப்பமில்லை, போன மாதம் மூடிவிட்டார். ஊரே எழவு வீடு மாதிரி இருக்கிறது. ஒரு சாராயக் கடைக்கா இத்தனை அழுகை? நான் குடிப்பதில்லை. இரண்டே முறை போயிருக்கிறேன். முதல் முறை காலி மேசை ஒன்றில் உட்கார்ந்ததற்கு எழுந்து போகச் சொன்னார்கள். இப்போது ஊரார் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அதைத் திறக்கப் போகிறார்களாம், பங்குப் பணம் கேட்டுத் துண்டறிக்கை வந்திருக்கிறது. போடலாமா? அப்புறம், எங்கே போனாலும் ஏன் சிங்கம், எருது, கழுகு என்றே பெயர்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிங்கம் மாற்கு, எருது லூக்கா, கழுகு யோவான். நற்செய்தி எழுதியவர்களின் சின்னங்கள். சில இடங்களில் அந்தப் பகுதியை ஆண்ட குடும்பத்தின் கொடிச் சின்னம். எழுத்தறியாத வண்டிக்காரனுக்கும் பலகைப் படம் புரியும். போதும்.

மேசையிலிருந்து எழுப்பியதற்கு இவ்வளவு ரோஷம் வேண்டாம். அது ஷ்டம்டிஷ், தினசரி ஆட்களின் மேசை. அதன்மேல் பெயர்ப்பலகை இருந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவன்தான்.

ஆனால் 'சாராயக் கடை' என்று எழுதிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஜெர்மனில் 'விர்ட்' என்றால் விருந்தளிப்பவர். காசு வாங்கிக் கல்லாவில் போடுபவரும் அவரே. 'விர்ட்ஷாஃப்ட்' என்றால் செய்தித்தாளில் பொருளாதாரம், கிராமத்துக் கிழவர் வாயில் அவர் தினம் போகும் விடுதி. நாம் சத்திரம் என்று எழுதினால் இலவசச் சோறு ஞாபகம் வருகிறது, பார் என்று எழுதினால் இருட்டு. இரண்டுமே அது இல்லை. ஜெர்மனியின் தெற்கே பழைய பவேரியாவில் மாவு ஆலை, கொல்லுப்பட்டறை, குளிப்பகம், விடுதி என்ற நான்கும் ஊருக்கு அவசியமானவை என்று தனி உரிமை பெற்றவை. விடுதி நடத்தும் உரிமை பல இடங்களில் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. வீட்டை வாங்கினால் உரிமையும் கூடவே வரும்.

அந்த வீட்டின் மாடியிலோ பின்கட்டிலோ ஒரு கூடம் இருக்குமே, அதற்குள் எட்டிப் பார்த்தீர்களா? தேவாலயத்தை விட்டால் பல கிராமங்களில் ஊரே சேர்ந்து உட்காரக்கூடிய கூரை அது ஒன்றுதான். தேவாலயத்தில் எதிர்த்துப் பேச முடியாது, இங்கே முடியும். கல்யாணம், பாட்டுக் குழு ஒத்திகை, தீயணைப்புத் தொண்டர்களின் ஆண்டுக் கூட்டம், தேர்தல் பேச்சு எல்லாம் அங்கேதான். 1945க்குப் பிறகு கிழக்கிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர்கள் ஒரு கோடிக்கு மேல் வந்து சேர்ந்தபோது, பல ஊர்களில் அவர்கள் முதலில் படுத்தது இந்தக் கூடங்களில். அதற்குப் பத்து வருடம் முன்பு இதே மாதிரி விடுதிகளின் வாசலில் யூதர்கள் வரக்கூடாது என்று பலகை தொங்கியது. புனிதமான இடம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் எப்படியோ கூடமும் அப்படி.

பல வருடம் முன்பு ஒரு நவம்பரில், பவேரியாவின் வடக்கே ஃபிராங்கோனிய ஸ்விட்சர்லாந்து என்கிற மலைப்பகுதியில் நடந்துகொண்டிருந்தேன். (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஏறக்குறைய 1,500 பேருக்கு நான்கு பீர் ஆலை வைத்து கின்னஸில் ஏறிய அவுஃப்ஸெஸ் அங்கேதான் இருக்கிறது.) மழைக்கு ஒதுங்கி ஒரு விடுதிக்குள் போனால் கூடம் நிறையக் கறுப்பு உடை. அடக்கம் முடித்துச் சாப்பிட வந்தவர்கள். திரும்பிப் போகப் பார்த்தேன். விடுதிக்கார அம்மாள் தோளைப் பிடித்து அடுப்போரம் உட்காரவைத்து எனக்கும் சூப் ஊற்றினார். முதல் அரை மணி நேரம் கரண்டிச் சத்தம் மட்டும். யாரோ செத்தவரைப் பற்றி ஒரு கதை சொன்னார், ஒருவர் சிரித்துவிட்டார், அப்புறம் கூடமே கலகலத்தது.

புறப்படும் நேரத்தில் அம்மாள் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பீர் அட்டையைக் கொண்டுவந்தார். கிளாஸுக்கு அடியில் வைப்பார்களே, அந்த மரக்கூழ் அட்டை. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓரத்தில் ஒரு கோடு. செத்தவரின் பாக்கி, பதினோரு கோடு. மகன் எண்ணிப் பார்த்துப் பணத்தை எடுத்து வைத்தார். "இருக்கட்டும்ப்பா" என்பார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மாள் வாங்கிக்கொண்டு சில்லறையும் கொடுத்தார். பிறகு அந்த மேசைக்குத் தன் செலவில் ஒரு சுற்றுப் பழச் சாராயம் ஊற்றினார். விர்ட் என்ற சொல் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

உங்கள் சிங்கத்தை மூடியது யார்? 1998இல் வண்டி ஓட்டுபவர்களுக்கான மது வரம்பை இறக்கியதைச் சொல்வார்கள், சங்கங்கள் தனித்தனியாக மன்றம் கட்டிக்கொண்டதைச் சொல்வார்கள், பிள்ளைகளைச் சொல்வார்கள். எல்லாம் சரி. மூன்று வருடத்தில் இரண்டு முறை போனவரும் மூடியவர்தான், எஸ். அழுகிறவர்களில் பாதிப் பேர் உங்களை மாதிரித்தான் போயிருப்பார்கள்.

பங்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா? போடுங்கள். கூட்டுறவு உங்களுக்கு அந்நியமில்லை. கிராமத்துக் கடன் சங்கத்துக்கு வழிகாட்டிய ரைஃபைசன் அந்த நாட்டு ஊர்த் தலைவர். 1895இல் சென்னை மாகாண அதிகாரி நிக்கல்சன் தன் பெரிய அறிக்கையின் சாரமாகச் சொன்னதே 'ரைஃபைசனைத் தேடுங்கள்' என்பதுதான். 1904இல் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது அந்த வழியில்.

பணத்தைப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து கொடுப்பார்கள், குடிக்காதவருக்கு அது போதும். ஷ்டம்டிஷ்ஷுக்குப் பக்கத்து மேசையில் உட்காருங்கள். கிளம்பும்போது விரல் கணுவால் அவர்கள் மேசையில் இரண்டு தட்டு தட்டினால், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போன கணக்கு.