பிளகின் பட்டனை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்கள், படங்கள், விழாக் குறிப்புகளை டொக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளில் சேர்த்து வருகிறோம். பலரின் தளங்கள் ஒரே சேர்வரில் இருக்கும் சாதாரண ஷெயார்ட் ஹோஸ்டிங்தான். பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், வேண்டுமென்றால் எல்லாரும் என்னைத்தான் தேடுகிறார்கள். செயற்குழுவில் ஐந்து பேருக்கும் அட்மின் உரிமை கொடுத்தால் அவரவரே போட்டுக்கொள்வார்களே, அதில் ஆபத்து உண்டா? இன்னொன்று: ஒரு பழைய கேலரி பிளகின் ஓடவில்லை. விக்கி எழுதப்பட்ட பிஎச்பி மொழியைச் சேர்வரில் 7.4 என்ற பழைய பதிப்புக்கு இறக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம்.

டொக்குவிக்கி பிளகின் என்பது பிஎச்பி நிரல். விக்கிக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. பக்கங்களை அழிக்கலாம், பயனர் பட்டியலைத் திறக்கலாம், எடுத்ததை வெளியே அனுப்பலாம். ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவர் மாதிரி இல்லை, காணி உறுதியிலேயே பெயர் ஏறியவர் மாதிரி. ஆகவே பிளகின் போடும் பட்டன் யார் கையில் இருக்கிறதோ, சேர்வரில் உங்கள் கணக்கே அவர் கையில்தான். ஐந்து பேரில் ஒருவர் எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்து, அது எங்கோ கசிந்துவிட்டது என்று வையுங்கள். உள்ளே வருபவன் விக்கியில் ஓட்டை தேடவே தேவையில்லை. ஸிப் கோப்பு ஒன்றை ஏற்றினால் வேலை முடிந்தது. அதே ஹோஸ்டிங் கணக்கில் சங்கத்தின் வேறு தளம் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

உங்கள் நண்பர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது படம் ஏற்றுவதும், தவறான பக்கத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவதும்தான். அதற்கு சூப்பர்யூசர் என்ற முழு அட்மின் உரிமை வேண்டியதில்லை. டொக்குவிக்கியில் ‘மேனேஜர்’ என்று குறைந்த உரிமையுள்ள ஒரு நிலை உண்டு. அவர்களை அதில் போட்டுவிட்டு, படம் ஏற்றும், அழிக்கும் உரிமைகளைப் பெயர்வெளி (விக்கியைப் பிரித்து வைக்கும் பகுதி) வாரியாகக் கொடுங்கள். சூப்பர்யூசராக நீங்களும், நீங்கள் ஊரில் இல்லாத நேரத்துக்கு இன்னொருவரும் போதும். நீங்களும் அன்றாடம் எழுத வேறு சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளில் இந்தப் பட்டனே கிடையாது. கோப்புறையைச் சேர்வரில் வைத்து, அமைப்புக் கோப்பில் கையால் ஒரு வரி எழுத வேண்டும். பலர் அதைத் திட்டுகிறார்கள், ஆனால் அந்தச் சிரமத்தால் விக்கிக் கணக்கு மட்டும் திருடு போனால் பிளகின் ஏற முடியாது. அங்கே 2018இல் இன்னும் ஒரு படி போனார்கள். தளம் முழுவதும் ஓடும் ஜாவாஸ்கிரிப்டைத் திருத்தும் உரிமையைச் சாதாரண நிர்வாகிகளிடமிருந்து எடுத்து, தனிக் குழு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். விக்கிப்பீடியா நிர்வாகிகளுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், நம் செயற்குழு கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அடுத்தது கோப்பு உரிமை. பிளகின் ஏறவில்லை என்றதும் 777, அதாவது யாரும் எழுதலாம் என்ற உரிமை, போடச் சொல்வார்கள். வேண்டாம். பெரும்பாலான ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் பிஎச்பி உங்கள் கணக்கின் பெயரிலேயே ஓடுவதால் கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644 போதும் (இவற்றில் உரிமையாளர் மட்டுமே எழுதலாம்). நிறுவாத காலத்தில் பிளகின் கோப்புறையை உரிமையாளரும் எழுத முடியாத 555 ஆக்கினால் பட்டன் வேலை செய்யாது. அவசரக்காரரையும் தானாக ஏறும் சில வேலைகளையும் அது தடுக்கும். ஆனால் அதை முழுப் பூட்டு என்று நம்பிவிடாதீர்கள். பிஎச்பியும் கோப்பின் உரிமையாளரும் ஒரே கணக்கு என்றால், உள்ளே வந்த கெட்ட நிரல் அந்த 555ஐத் தானே மாற்றிக்கொள்ளும்.

சரி, கேலரிக்கு வருவோம். பிஎச்பி 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பிஎச்பி 8இல் பழைய சில கட்டளைகளை நீக்கிவிட்டார்கள். பராமரிக்க ஆளில்லாத பிளகின்கள் பல அதனால்தான் விழுகின்றன. ஒரு பிளகினுக்காகத் தளம் முழுவதையும் பழைய பிஎச்பியில் ஓட்டுவது நியாயமில்லை. டொக்குவிக்கியை உருவாக்கிய அன்ட்ரியாஸ் கோர் தானே எழுதிய கேலரி பிளகின் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். எந்தப் பிளகினாக இருந்தாலும் கடைசியாகப் புதுப்பித்த திகதி, உங்கள் பதிப்புக்குப் பொருந்துமா, எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்று அதன் பக்கத்தில் பார்த்துவிட்டே போடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த ஸிப்பைத் தொடவே வேண்டாம். அப்புறம், வேண்டாத பிளகினை ‘முடக்கி’ வைத்தால் கோப்புகள் சேர்வரிலேயே கிடக்கும். அழித்துவிடுங்கள்.

பிரதி எடுத்து வைப்பதையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் நம் இலங்கை அரசாங்க மின்னஞ்சல் சேவையை ரான்சம்வெயார் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) தாக்கியபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் போய்விட்டன. மென்பொருள் பழையது, அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதியும் இல்லை. டொக்குவிக்கிக்குத் தரவுத்தளம் கிடையாது, எல்லாமே கோப்புகள் என்பதால் உங்களுக்கு இது சுலபம். முழுக் கோப்புறையையும் கிழமைக்கு ஒரு தடவை இறக்கி, சேர்வரோடு தொடர்பில்லாத டிஸ்க் ஒன்றில் வையுங்கள். அந்தப் பிரதியை மடிக்கணினியில் சாம்ப் (XAMPP, கணினியையே சேர்வர் போல இயக்கும் மென்பொருள்) போட்டு ஓட்டிப் பாருங்கள். பிரதி நல்லதா என்பதும் தெரியும், புதுப் பிளகினைச் சோதிக்க இடமும் கிடைக்கும். நண்பர்கள் கேட்கும் பிளகின் அங்கே ஒரு கிழமை ஒழுங்காக ஓடினால், சேர்வரில் 555ஐ 755 ஆக்கி, நிறுவிவிட்டு, மறுபடி 555 ஆக்குங்கள்.