ஆறு நாளில் அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனம்: எதை விடுவது?

அக்டோபரில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்பக்கர்கி நகரில் வாடகைக் கார் எடுத்து, முழங்கால் வலியுள்ள எழுபது வயதுத் தாயாருடன் ஆறு நாளில் கிராண்ட் கேன்யன் உட்பட அனைத்தையும் பார்க்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டுள்ளார். முடியும், ஆனால் பாதி நாள் காரிலேயே கழியும். கிராண்ட் கேன்யனை இம்முறை விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டு இரவுகளைக் கொலராடோவின் கோர்ட்டெஸ் நகரில் வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள மெசா வெர்டே தேசியப் பூங்காவின் 'கிளிஃப் பேலஸ்', பாறைக் குடைவுக்குள் சுமார் 150 அறைகளுடன் 13ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற குடியிருப்பு. அதற்குள் செல்ல முன்பதிவும் ஏணி ஏறும் வலுவும் வேண்டும் என்பதால், தாயார் எதிர்விளிம்பிலிருந்து பார்ப்பதே நல்லது. அங்கே உயரம் 2,000 மீட்டருக்கு மேல், மெதுவாக நடக்கட்டும். 1276 முதல் 1299 வரை நீடித்த வறட்சியை மரவளையங்கள் காட்டுகின்றன. மக்கள் தெற்கே பெயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் இரவு மான்யுமென்ட் வேலி. அது நவஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் பூங்கா. தேசியப் பூங்கா அனுமதி அட்டை அங்கே செல்லாது.

அடுத்த இரண்டு இரவுகளும் அரிசோனாவின் சின்லி ஊரில். என்னைக் கேட்டால், இப்பயணத்தின் உயிர் அங்குள்ள கேன்யன் டி ஷே பள்ளத்தாக்குதான். 'பாறையின் உள்ளே' எனப் பொருள்படும் நவஹோச் சொல் ஸ்பானியர் வாயில் திரிந்து, 'ஷே' ஆயிற்று. பள்ளத்தாக்கின் அடியில் நவஹோக் குடும்பங்கள் இன்றும் பயிரிடுகின்றன. 1864இல் அமெரிக்கப் படையினர் இங்கிருந்த பீச் மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தனர். சரணடைந்த நவஹோ மக்கள் நியூ மெக்சிகோவின் கிழக்குப் பகுதிக்கு நடத்திச் செல்லப்பட்டு, 1868 உடன்படிக்கைக்குப் பின்னரே திரும்பினர். ஆகவே அடிப்பகுதிக்கு நவஹோ வழிகாட்டியுடன் செல்லுங்கள். அவர்களுடைய வண்டியிலேயே போகலாம், ஆனால் மணலில் குலுங்கும். அதைத் தாயார் தாங்கமாட்டார் எனில், தென்விளிம்புச் சாலையிலிருந்து சுமார் 240 மீட்டர் உயர ஸ்பைடர் ராக் பாறைத் தூணைக் காட்டுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: அரிசோனா கோடைகால நேரமாற்றத்தைப் பின்பற்றுவதில்லை, நவஹோ நிலம் பின்பற்றுகிறது. உங்கள் அலைபேசி அரிசோனா நேரத்தைக் காட்டினால், வழிகாட்டியிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள்.

ஆறாம் நாள் கேலப் நகர் வழியே ஆல்பக்கர்கிக்குத் திரும்புகையில், தட்டையான மேடு ஒன்றின் (மெசா) உச்சியில் அமைந்த அக்கோமா ஊர் நெடுஞ்சாலையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். முன்னர்ச் சொன்ன பாறைவீட்டு மக்களின் வழிவந்தோரில் சிலர் அங்கே வாழ்கிறார்கள். அன்று பார்வையாளரை அனுமதிக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு அங்கே செல்லுங்கள்.