எலுமிச்சைக்கு அம்மா யார்?

கேள்வி: எங்கள் ஊர்ச் சந்தையில் உருண்டை எலுமிச்சையைத்தான் பார்த்து வளர்ந்தேன். வெளிநாட்டில் இருக்கும் பேரன் ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் பழம், தடித்த தோல், நுனியில் காம்பு மாதிரி கூம்பியிருக்கிறது. அதுதான் உண்மையான லெமன், நம்முடையது லைம் என்கிறான். இரண்டும் ஒன்றில்லையா?
- ஒரு வாசகி, புளியங்குடி

பதில்: எலுமிச்சை நகரத்திலிருந்தே இப்படி ஒரு கேள்வி! பேரன் சொன்னது சரிதான். ஆனால் ‘உண்மையான’ என்பதை மட்டும் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். இரண்டுமே கலப்பில் பிறந்தவை. ஒரே அப்பாவுக்கு மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை.

அப்பா, சிட்ரான். பழத்தை அறுத்தால் பெரும்பகுதி தோல்தான், சாறு கொஞ்சம். நம் எலுமிச்சைக்கு அம்மா, பிலிப்பைன்ஸில் வளரும் மைக்ராந்தா. மஞ்சள் பழத்துக்கு அம்மா, கசப்பு ஆரஞ்சு. அதுவே பம்பளிமாஸுக்கும் கமலா வகைக்கும் பிறந்ததுதான். ஆக, பேரனின் லெமனுக்கு அம்மாவழிப் பாட்டி பம்பளிமாஸ்!

இலையையும் பூவையும் பார்த்தே இனம் பிரித்த காலத்தில், எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாஸ் எல்லாம் அடங்கிய இந்தக் குலத்தில் 16 இனங்கள் என்றார் அமெரிக்கரான ஸ்விங்கிள். ஜப்பானியரான தனாகா 162 என்றார். நான் பரீட்சையில் 16 என்று எழுதினேன், நினைவில் வைக்கச் சுலபம்.

டி.என்.ஏ. வந்த பிறகுதான் தாய் யார், தந்தை யார் என்றே தெரிந்தது. உட்கருவின் டி.என்.ஏ. பெற்றோர் இருவரிடமிருந்தும் வருகிறது. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்திலும் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. உண்டு. இந்தக் குலத்தில் அது தாய்வழியில் மட்டுமே வரும். எலுமிச்சையின் உட்கருவில் பாதி சிட்ரான், பசுங்கணிகத்திலோ அதன் சுவடே இல்லை. அப்படியென்றால் சிட்ரான் கொடுத்தது மகரந்தம் மட்டும்தானே! 2018இல் 60 மரங்களின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டவர்கள், இந்தக் குலமே சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில் கிளைவிட்டது என்கிறார்கள்.

எப்போதோ நடந்த கலப்பு இன்னும் கலையாமல் இருப்பது எப்படி? போன ஆடியில் தொட்டியில் ஒரே ஒரு எலுமிச்சை விதை ஊன்றினேன், மூன்று முளை வந்தது. இந்த விதைக்குள், மகரந்தம் சேர்ந்து உண்டாகும் கருவோடு தாயின் அச்சு அசல் நகல்களும் முளைக்கும். என் மூன்றில் எது பிள்ளை, எது நகல் என்று இலையைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூன்றுக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.