நிலக்கரிப் புகையிலிருந்து பாதரசத்தைப் பிரித்தெடுக்க முடியுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் அருகில் வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு மின்சாரம் என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். தரம் 11 வகுப்பில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தைப் பற்றிப் பேசியபோது, "சாம்பலைப் பிடிக்கும் கருவி பாதரசத்தையும் பிடித்துவிடாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது?
– விஞ்ஞான ஆசிரியை, தலவாக்கலை

பதில்: ஒரு பகுதியைப் பிடிக்கும். அந்தப் பகுதி எவ்வளவு என்பது கருவியைவிட, பாதரசம் எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதிலேயே தங்கியிருக்கிறது.

ஒரு தொன் நிலக்கரியில் பெரும்பாலும் 0.1 கிராம் அளவிலேயே பாதரசம் இருக்கும். சில படிவுகளில் கூடும், சிலவற்றில் குறையும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 900 மெகாவாட் திறனுள்ள நுரைச்சோலையைப் போன்ற ஒரு நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் தொன் நிலக்கரியை எரிப்பதால், அதே விகிதத்தில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 200 கிலோகிராம் அளவு பாதரசம் அந்தக் கொதிகலன்களுக்குள் போகிறது. இது உள்ளே போகும் அளவின் கணக்கே தவிர, புகைபோக்கி வழியாக வெளியேறும் அளவு அன்று என்பதை மாணவிக்குத் தெளிவுபடுத்துங்கள்.

பாதரசத்தின் கொதிநிலை 357 பாகை செல்சியஸ். கொதிகலனின் வெப்பநிலை அதைப்போல் பல மடங்கு என்பதால், நிலக்கரியிலிருந்த பாதரசம் அநேகமாக முழுவதும் தனிமமாக, ஆவி வடிவில் வெளியேறுகிறது. புகை குளிர்ந்துகொண்டு வரும் வழியில்தான் அது மூன்றாகப் பிரிகிறது: ஒரு பகுதி எரியாமல் எஞ்சிய காபன் துகள்களிலும் சாம்பலிலும் ஒட்டிக்கொள்கிறது, இன்னொரு பகுதி நிலக்கரியிலுள்ள குளோரீனால் ஒட்சியேற்றம் பெற்றுப் பாதரசக் குளோரைட்டாகிறது, மீதி தனிமமாகவே நிற்கிறது. சாம்பலில் ஒட்டியதை, துகள்களை மின்னேற்றி ஈர்த்துப் பிடிக்கும் நிலைமின் வீழ்படிவாக்கியும் துணிப்பை வடிகட்டியும் சாம்பலோடு சேர்த்துப் பிடித்துவிடும். குளோரைட்டு நீரில் கரையும் என்பதால், கந்தகவீரொட்சைட்டை அகற்றுவதற்காகப் புகையைக் கழுவும் கோபுரத்தில் அது பெருமளவு அகப்படும். தனிமப் பாதரசமோ நீரில் கரையாது, எளிதில் ஒட்டாது. எல்லாக் கருவிகளையும் கடந்து புகைபோக்கியை அடைந்துவிடும்.

ஆகவே, பொறியியலாளர்களின் உத்திகள் எல்லாம் அந்த மூன்றாம் வடிவத்தை முதலிரண்டில் ஒன்றாக மாற்றுவதைப் பற்றியவையே. அவற்றில் அதிகம் கையாளப்படுவது, வீழ்படிவாக்கிக்கு முன்னால், ஏறக்குறைய 150 பாகை வெப்பநிலையில் ஓடும் புகைக்குள், நுண்துளைகள் நிறைந்த கிளர்வூட்டிய கரித்தூளைத் தூவுவது. நீர் வடிகட்டும் கருவிகளில் இருக்கும் கரியின் இனமே இது. பாதரசம் அதில் ஒட்டிக்கொள்ள, கரித்தூள் சாம்பலோடு சேர்ந்து பிடிபடுகிறது. நிலக்கரியில் குளோரீன் குறைவாக இருந்தால் சாதாரண கரித்தூளின் பயன் குறைந்துவிடும். அப்போது புரோமீன் ஏற்றிய கரித்தூளைத் தூவுவார்கள், அல்லது எரிப்பதற்கு முன்பே நிலக்கரியின்மேல் கல்சியம் புரோமைட்டுக் கரைசலைத் தெளிப்பார்கள். இவ்வகை முறைகள் நன்கு பொருந்தும் இடங்களில் 90 சதவீதம் வரை அகற்ற முடிந்திருக்கிறது. நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைப்பதற்காகப் பொருத்தும் ஊக்கிப் படுக்கையும் பாதரசத்தை ஒட்சியேற்றி, அடுத்துவரும் கழுவு கோபுரத்துக்கு வேலையை எளிதாக்கும்.

மாணவி மேலும் கேட்டால் இதையும் சொல்லலாம்: நன்றாக எரிக்கும் கொதிகலனின் சாம்பலில் எரியாத காபன் குறைவு, அதனால் அந்தச் சாம்பல் பிடிக்கும் பாதரசமும் குறைவு. எரிபொருளைச் சிக்கனமாக எரிப்பது இந்த ஒரு விடயத்தில் மட்டும் பாதகமாகிவிடுகிறது.

கேள்வி: நுரைச்சோலையில் கடல்நீரால் புகையைக் கழுவுகிறார்கள் என்று வாசித்தேன். அப்படியானால் பாதரசம் நீங்கிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பண்டாரவளை

பதில்: புகையிலிருந்து நீங்கியிருக்கலாம், உலகத்திலிருந்து நீங்கவில்லை. பாதரசம் ஒரு தனிமம். அதை எரித்தோ சிதைத்தோ இல்லாமலாக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு கழுவும் நிலையங்களில் அகப்பட்ட பாதரசம் கழிவுநீருக்கும் ஜிப்சத்துக்கும் போய்ச் சேரும். கடல்நீரால் கழுவும் முறையில் திண்மக் கழிவு உண்டாவதில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் கரைந்த பாதரசத்தின் பெரும்பகுதி, கழுவிய நீரோடு கடலுக்கே திரும்புகிறது என்பது அந்தப் பெருமையின் மறுபக்கம். கந்தகவீரொட்சைட்டு கரைவதால் கழுவும் நீருக்குள் உண்டாகும் சல்பைற்று, கரைந்த பாதரசத்தில் ஒரு பகுதியை மீண்டும் தனிமமாக்கிப் புகைக்கே திருப்பி அனுப்புவதும் உண்டு.

கரித்தூளைத் தூவினால் இந்தச் சிக்கல் இல்லையே என்று தாங்கள் கேட்கலாம். அங்கே சாம்பல் சிக்கலாகிறது. நிலக்கரிச் சாம்பல் சிமெந்து உற்பத்திக்குப் பயன்படும் பொருள். கரித்தூள் கலந்த சாம்பல், கொங்கிறீற்றில் நுண்ணிய காற்றுக்குமிழிகளை நிலைநிறுத்தச் சேர்க்கும் இரசாயனத்தை உறிஞ்சிவிடுவதால் வாங்குவோர் தயங்குவார்கள். இதைத் தவிர்க்கவே, சாம்பலை முதலில் பிடித்தபின் கரித்தூளைத் தூவி, அதைத் தனியான துணிப்பை வடிகட்டியில் பிடிக்கும் அமைப்பைச் சில நாடுகளில் கையாள்கிறார்கள். செலவு கூடும், ஆயினும் பாதரசம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும் என்பதால், என் மதிப்பீட்டில் அதுவே நேர்மையான வழி.

கேள்வி: அந்தப் புகை மழையோடு வந்து கொழுந்தில் படியுமா? நாங்கள் குடிக்கும் தேநீரில் பாதரசம் இருக்குமா?
– தோட்டத் தொழிலாளி, பொகவந்தலாவை

பதில்: நுரைச்சோலை மலையகத்துக்கு வடமேற்கே, நேர்கோட்டில் 150 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று அங்கிருந்து வடகிழக்கு நோக்கி, அதாவது அநுராதபுரத்துப் பக்கமாக வீசும். வடகீழ்ப் பருவக்காற்றோ புகையைக் கடலை நோக்கித் தள்ளும். எனவே அந்தப் புகைபோக்கியின் நேர்வழியில் உங்கள் மலை இல்லை. தனிமப் பாதரசம் மட்டும் மாதக்கணக்கில் காற்றில் மிதந்து உலகத்தையே சுற்றவல்லது. அந்த வகையில் எங்கோ எரிந்த நிலக்கரியின் பங்கும் எந்த மலையிலும் சிறிதளவு படியவே செய்யும்.

தேயிலைச் செடியும் மற்றச் செடிகளைப் போலவே இலைவழியாகக் காற்றிலுள்ள பாதரசத்தை உள்வாங்குகிறது. ஆனால் அது இலையின் வயதோடு கூடுவது. முற்றிய இலையில் இருப்பதைவிட, குறுகிய கால இடைவெளியில் பறிக்கப்படும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்தில் குறைவு. அதிலும் கொதிநீரில் இறங்குவது ஒரு சிறு பங்கே. தேநீரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: நான் கர்ப்பிணி. மவுசாக்கலை நீர்த்தேக்கத்து ஜப்பான் மீனும் சந்தைக் கருவாடும் சாப்பிடலாமா?
– மஸ்கெலியா வாசகி

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் மிகவும் பயனுள்ளது தங்களுடையதுதான். காற்றிலிருந்து நீரில் விழும் பாதரசத்தைச் சேற்றிலுள்ள பக்ரீரியாக்கள் மீதைல் பாதரசம் என்னும் நச்சுச் சேர்வையாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து அதைத் தின்னும் பெரிய மீனுக்குப் போகப் போகச் செறிவடைகிறது. தாயின் உடலிலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையையும் அடையவல்லது. காடும் செடியும் மூழ்கி உருவான புதிய நீர்த்தேக்கங்களில் இந்த மாற்றம் பல ஆண்டுகளுக்கு வேகமாக நடக்கும். மவுசாக்கலை 1960களில் கட்டப்பட்டது. அந்தக் கட்டம் கடந்துபோயிற்று. ஜப்பான் மீன் பாசியையும் தாவரங்களையும் உண்டு வளர்வது, ஆகையால் அதில் பொதுவாகப் பாதரசம் குறைவு. நெத்தலியும் சாளையும் அப்படியே. அவற்றைக் கைவிட வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை சுறாவும் வாள்மீனும் போன்ற பெரிய ஊனுண்ணிகள். மீதைல் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு விதித்த வரம்பு, உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு அது 80 மைக்ரோகிராம் ஆகும். ஒரு கிலோகிராம் சுறாவில் 1 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 80 கிராம் உண்டாலே அந்த வாரத்துக்கான அளவு முடிந்துவிடும். கருவாடாக்கும்போது நீர் வற்றுமே தவிரப் பாதரசம் வற்றாது. எனவே எடைக்கு எடை பார்த்தால் சுறாக் கருவாட்டில் பச்சை மீனைவிட அதிகமாகவே இருக்கும். சமைப்பதால் அது போய்விடாது.

கேள்வி: இதற்குச் சட்டம் எதுவும் இல்லையா?
– உயர்தர மாணவர், பதுளை

பதில்: பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான மினமாட்டா சமவாயம் இருக்கிறது, இலங்கையும் அதில் ஒரு தரப்பு. 2013இல் ஏற்கப்பட்டு, 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிய நகரான மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் நிலக்கரி அன்று, ஓர் இரசாயனத் தொழிற்சாலை குடாவில் விட்ட கழிவு. எனினும் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரை நிலக்கரி மின்நிலையங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. புதிய நிலையங்களுக்கு, கிடைக்கக்கூடிய சிறந்த தொழில்நுட்பம் கட்டாயம். பழையவற்றுக்குப் பத்து ஆண்டு அவகாசமும், பல வழிகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் உரிமையும் உண்டு. சமவாயத்துக்கு முன்பே, 2011க்கும் 2014க்கும் இடையில் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. எண்ணளவில் வரம்பு எதையும் சமவாயம் விதிக்கவில்லை. அது அதன் பலவீனம். எண்ணளவில் வரம்பு விதித்த அமெரிக்காவில், 2012ஆம் ஆண்டின் விதியைத் தொடர்ந்து, மின்நிலையங்களின் பாதரச வெளியேற்றம் 2010ஐ விட 2017இல் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பழைய நிலையங்கள் பல மூடப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

தாங்கள் இதை ஒரு செயற்றிட்டமாக எடுத்துக்கொள்வதாயின், புகைபோக்கி அளவை மட்டும் தேடாதீர்கள். உள்ளே போகும் நிலக்கரி, பிடிபட்ட சாம்பல், கடலுக்குத் திரும்பும் நீர், வெளியேறும் புகை ஆகிய நான்கிலும் ஒரே காலத்தில் எடுத்த அளவுகள் வேண்டும். முதலாவது, மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறையச் சமமாக வராவிட்டால், அளவீட்டில் எங்கோ பிழை இருக்கிறது.